மாட்டுக்கு இருந்த நியாயம் காருக்கு இல்லையா?



தென்னையில வெள்ளை ஈ பத்தி எழுதச் சொல்லி ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. அடுத்த தடவை கண்டிப்பா எழுதுறேன். இந்தத் தடவை விவசாயம் இல்லை, வண்டி. ரோட்டோரம் நின்ன காரைத் தூக்கிட்டுப் போயிட்டா அதைத் திரும்ப வாங்குறதுக்குள்ள ஒரு மனுசன் படுற பாடு. எங்க ஊர் டீக்கடையில பத்து நாளா இதே பேச்சுதான் ஓடுது. நான் நினைக்கிறதையும் சொல்லிடுறேன்.

பேச்சு ஆரம்பிச்சது எங்க அக்கா மகனால. அக்காவுக்குக் கண் ஆபரேஷன்னு ஒரு பெரிய ஊருக்குக் கார்ல கூட்டிட்டுப் போனான். ஆஸ்பத்திரிக்குள்ள நிறுத்த இடம் இல்லைன்னு வாட்ச்மேன் சொல்லிட்டார். எதிர்த்தாப்புல ரோட்டோரம் வரிசையா வண்டிக நின்னுச்சு. அதோட சேர்த்து இவனும் நிறுத்திட்டு உள்ள போயிட்டான். கட்டுப் போட்ட கண்ணோட அக்காவைக் கைத்தாங்கலா வெளிய கூட்டிட்டு வந்தா காரைக் காணோம். திருடு போயிருச்சுன்னு பதறிப்போய் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கான். அங்க, "டிராபிக்ல கேளுப்பா"ன்னுட்டாங்க. டிராபிக்ல போய்க் கேட்டா, "கிரேன்காரன் எந்தப் பக்கம் கொண்டு போனான்னு தெரியலையே"ன்னாங்க. நாலு பேரைக் கேட்டு, கடைசியில ஒரு பாலத்துக்கு அடியில கார் நிக்கிறதைக் கண்டுபிடிக்கையில மணி ஆறரை. எழுதிக் கொடுக்கிற அதிகாரி வீட்டுக்குப் போயிட்டார், காலையில வாங்கன்னுட்டாங்க. ஆபரேஷன் ஆன அம்மாவை வச்சுக்கிட்டு ராத்திரி லாட்ஜுல தங்கினான். மறுநாள் அபராதம் 500 ரூபாய், அதுக்கு ரசீது உண்டு. இழுத்த கூலின்னு 1,200 ரூபாய், அதுக்கு ரசீது கிடையாது. முன் பம்பர் விரிசல் விட்டிருந்துச்சு. அதைக் கேட்டதுக்கு, "ஏற்கெனவே அப்படித்தாம்ப்பா இருந்துச்சு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க.

இதைக் கேட்டுட்டு டீக்கடையில ரெண்டு கட்சி ஆயிருச்சு. "நிறுத்தக் கூடாத இடத்துல நிறுத்தினா தூக்கத்தான் செய்வான்"னு ஒரு கட்சி. "எல்லாம் காசு பிடுங்குற வேலை"ன்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டுலயும் இல்லை.

இடைஞ்சலா நிக்கிற வண்டியைத் தூக்கக் கூடாதுன்னு சொல்றவன் ராஜபாளையத்துக்குள்ள காலை ஒன்பது மணிக்கு ஒரு லோடு தேங்காயோட வந்து பார்க்கணும். திருமங்கலத்துல இருந்து கொல்லம் போற தேசிய நெடுஞ்சாலை 744 நம்ம ஊருக்கு நடுவுலதான் போகுது. கேரளா லாரி, தென்காசி பஸ், மில் வண்டி, ஸ்கூல் வேன் எல்லாம் அதே ரோடுதான். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒருத்தர் காரை ஓரங்கட்டிட்டு, "இப்ப வந்துர்றேன்"னு கடைக்குள்ள போனா, பின்னால அரை மைல் நிக்கும். அதுல ஆம்புலன்சும் நிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேர் அன்னைக்கு ரத வீதியில ஒரு வண்டி நின்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால தூக்கட்டும். அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லை.

சட்டமும் அதுக்கு இடம் கொடுக்குது. 1988-ம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டத்துல 127-வது பிரிவு. நிறுத்தத் தடை இருக்கிற இடத்துல நின்னாலோ, பொது இடத்துல பத்து மணி நேரத்துக்கு மேல கேட்பாரில்லாம கிடந்தாலோ, அந்த வண்டியை இழுத்துட்டுப் போகவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ உத்தரவு போடலாம். ஆனா அந்த உத்தரவைப் போட வேண்டியது சீருடையில இருக்கிற போலீஸ் அதிகாரி. கிரேன்ல வர்ற பையன் தானா முடிவு பண்ணித் தூக்க முடியாது. இழுத்த செலவும் வண்டிக்காரர் தலையிலதான்னு அதே பிரிவு சொல்லுது. அபராதம் தனி.

எல்லாம் சரி. ஆனா தூக்கின வண்டியை எங்க கொண்டு போய் வைக்கணும், வண்டிக்காரருக்கு யார் தகவல் சொல்லணும், எத்தனை மணிக்குள்ள திருப்பிக் கொடுக்கணும், பம்பர் உடைஞ்சா யார் பொறுப்புன்னு அந்தப் பிரிவுல ஒரு வரி கிடையாது. என் சண்டை இந்த இடத்துலதான். எடுக்கிறதுக்கு எழுதி வச்சவங்க, கொடுக்கிறதுக்கு எழுதி வைக்கலை.

நம்ம பெரியவங்களுக்கு இது புது விசயம் இல்லை. பிறத்தியார் வெள்ளாமையில மேஞ்ச மாட்டைப் பிடிச்சு பவுண்டுல அடைக்கிறது ஊருக்கு ஊர் இருந்த பழக்கம்தான். என் வயசுக்காரங்க பவுண்டைப் பார்த்திருப்பீங்க. நாலு சுவர், ஒரு கேட்டு, உள்ள ஒரு தண்ணித் தொட்டி. இதுக்குன்னு வெள்ளைக்காரன் 1871-ல ஒரு சட்டமே போட்டான். கால்நடை அத்துமீறல் சட்டம்னு பேரு. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு கேளுங்க.

மாட்டைப் பிடிச்சவர் 24 மணி நேரத்துக்குள்ள பவுண்டுல சேர்த்திரணும். தன் தொழுவுல கட்டி வச்சுக்க முடியாது. பவுண்டுக்காரர் நோட்டுல எழுதணும்: எத்தனை மாடு, அடையாளம் என்ன, எந்த நாள் எந்த நேரம் வந்துச்சு, பிடிச்சது யாரு, அவர் எந்த ஊரு, மாட்டுக்காரர் தெரிஞ்சா அவர் பேரு. எழுதினதுக்கு நகலும் கொடுக்கணும். அடைச்ச மாட்டுக்குத் தீனியும் தண்ணியும் வைக்கணும். மாட்டுக்கு எவ்வளவு தண்டம், தீனிக்கு எவ்வளவுன்னு பட்டியல் எழுதி பவுண்டு வாசல்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டியிருக்கணும். ஏழு நாள் ஆகியும் யாரும் வரலைன்னா போலீசுக்குத் தகவல் போகும். அப்புறம் மாடு பிடிபட்ட இடத்துக்குப் பக்கத்து ஊர்லயும் சந்தையிலயும் தமுக்கு அடிச்சுச் சொல்லணும். அதுக்கும் ஏழு நாள் கழிச்சுத்தான் ஏலம். அந்த ஏலத்துல பவுண்டுக்காரர் மாட்டை வாங்கக் கூடாதுன்னு தனியா ஒரு பிரிவே இருக்கு. ஆசை எங்க இருந்து வரும்னு அன்னைக்கே தெரிஞ்சு எழுதியிருக்கான் பாருங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொன்னு. "என் மாட்டை அநியாயமாப் பிடிச்சுட்டாங்க, நான் வழக்குப் போடப் போறேன்"னு மாட்டுக்காரர் சொன்னா, தண்டத்தையும் செலவையும் டெபாசிட்டாக் கட்டிட்டு மாட்டை அப்பவே ஓட்டிட்டுப் போயிரலாம். வழக்கு பின்னால நடக்கும். பத்து நாளுக்குள்ள மாஜிஸ்திரேட்கிட்ட புகார் கொடுத்து, பிடிச்சது தப்புன்னு முடிவானா 100 ரூபாய் வரைக்கும் நஷ்டஈடு உண்டு. 1871-ல 100 ரூபாய்னா எவ்வளவு பெரிய காசுன்னு யோசிச்சுக்கோங்க.

வெள்ளைக்காரன் நம்ம மேல பாசத்துல இதை எழுதலை. மாடு போனா உழவு நிக்கும், உழவு நின்னா தீர்வை வராதுன்னு அவனுக்குத் தெரியும். பிடிச்சு வச்சிருக்கிறது ஒருத்தனோட பிழைப்பைங்கிறது அவன் கணக்குல இருந்துச்சு. இன்னைக்கு குட்டியானை, ஆட்டோ, வாடகைக் கார், பால் கேன் கட்டின டிவிஎஸ் வண்டி எல்லாம் அதே உழவு மாடுதான். மாடு சாப்பிடாம கிடந்தா மெலியும். வண்டி ஓடாம கிடந்தா பேட்டரி போகும், டயர் போகும், எலி வயரைக் கடிக்கும், மாசத் தவணை மட்டும் நிக்காம ஓடும்.

கேஸ் சம்பந்தமா பிடிச்ச வண்டியைப் பத்திக் கேட்டா இன்னும் வயித்தெரிச்சல். எந்த ஸ்டேஷன் வாசலையும் பாருங்க. வேப்பமரத்தடியில துருப்பிடிச்ச பைக்கு, கண்ணாடி இல்லாத காரு, புல் முளைச்ச மினி லாரி. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, காய்கறி லோடு அடிக்கிறவன். அவன் வண்டி ஒரு விபத்து கேஸ்ல நாலு மாசம் வெயில்ல கிடந்துச்சு. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துட்டுப் போயிட்டார். அதுக்கப்புறமும் யார் எழுதணும், எங்க மனுப் போடணும்னு சொல்ல ஆளில்லை. வண்டி வெளிய வந்தப்போ பேட்டரிக்கும் ரெண்டு டயருக்கும் மறுபடி கடன் வாங்கினான்.

இதுக்குச் சட்டம் இல்லைன்னு சொல்ல முடியாது. 2002 அக்டோபர்ல சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிருச்சு. பிடிச்ச வண்டியை ஸ்டேஷன்ல நீண்ட நாள் போட்டு வைக்கிறதுல ஒரு பிரயோசனமும் இல்லை. படம் எடுத்து, விவரம் எழுதி, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கிட்டு மாஜிஸ்திரேட் உடனே கொடுத்திரணும். பிடிச்ச பொருள் எதுவா இருந்தாலும் பதினைஞ்சு நாள்ல இருந்து ஒரு மாசத்துக்கு மேல ஸ்டேஷன்ல கிடக்கக் கூடாது. 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல 497-வது பிரிவு அதையே நாள் கணக்குப் போட்டுச் சொல்லுது. பொருள் கோர்ட்டு முன்னால வந்த 14 நாளைக்குள்ள விவரப் பட்டியல் தயாரிக்கணும், படம் எடுக்கணும், பட்டியல் முடிஞ்ச 30 நாளைக்குள்ள அதை என்ன செய்யிறதுன்னு உத்தரவு போடணும்.

அப்புறம் ஏன் வேப்பமரத்தடி காலியாகலை? நான் நினைக்கிற காரணம் இதுதான். வண்டி ஒரு நாள் கூடக் கிடந்தா வண்டிக்காரருக்கு நஷ்டம். வச்சிருக்கிறவருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. பவுண்டுக்காரருக்காவது மாடு கத்தும், தீனி போடணும், சாணி அள்ளணும். எப்படா மாட்டுக்காரன் வருவான்னு அவரும் எதிர்பார்த்துக்கிட்டு இருப்பார். கார் கத்தாது. அவசரம் ஒரு பக்கம் மட்டும் இருந்தா எந்த வேலையும் நகராது.

மனசு வச்சா நடக்கும்ங்கிறதையும் பார்த்துட்டோம். 2020 கொரோனா ஊரடங்குல தமிழ்நாடு பூரா லட்சக்கணக்குல வண்டிகளைப் பிடிச்சாங்க. ஸ்டேஷன் நிறைஞ்சு, மைதானம் நிறைஞ்சு, வைக்க இடமில்லாமப் போச்சு. ஏப்ரல் மாசத்துலயே திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஆர்.சி. புக்கைப் பார்த்து, எழுதி வாங்கிக்கிட்டுக் கொடுத்தாங்க. இடம் நெருக்கினதும் அவசரம் அந்தப் பக்கமும் வந்திருச்சு, அவ்வளவுதான். பெங்களூர்ல இழுத்துட்டுப் போறவங்க நடந்துக்கிட்ட விதத்துக்கு ஜனங்க கொதிச்சுப் போய், 2022 பிப்ரவரியில அந்த வேலையையே நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. முறையில்லாம செஞ்சா நல்ல சட்டமும் கெட்ட பேர் எடுக்கும்.

"கொஞ்சம் அலைய விட்டாத்தான் அடுத்த தடவை பயப்படுவான்"னு டீக்கடையில ஒரு அண்ணாச்சி சொன்னார். போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர், நல்ல மனுசன். ஆளும் இடமும் பத்தாம ஸ்டேஷன்ல எப்படிச் சமாளிக்கிறாங்கன்னும் சொன்னார். அதை நான் நம்புறேன். ஆனா அலைய விடுறதை ஒத்துக்க முடியாது. பயப்படுறதுக்குத்தான் அபராதம் இருக்கே. 500 ரூபாய்னு சட்டம் சொன்னா 500 ரூபாய். மறுபடி செஞ்சா 1,500. அதோட தண்டனை முடிஞ்சுது. அலைச்சல்ங்கிறது கணக்குல வராத தண்டனை. அது எல்லார் மேலயும் ஒரே மாதிரி விழறதும் இல்லை. அந்த ஊர்லயே இருக்கிறவர் ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டு, மறுநாள் ஆள் அனுப்பி காரை எடுத்துக்குவார். நம்ம ஆளுக ரெண்டு மணி நேரம் தள்ளி இருக்கிற கிராமத்துல இருந்து வர்றோம். ஒரு ராத்திரி தங்கினா லாட்ஜு வாடகை, சாப்பாடு, இங்க மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள், மறுநாள் கூலி எல்லாம் போச்சு. 500 ரூபாய்த் தப்புக்கு 4,000 ரூபாய் செலவு. இதை எந்தச் சட்டமும் விதிக்கலை.

சரி, என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பவுண்டுக்கு இருந்தது இருந்தாலே போதும்.

வண்டியைத் தூக்கின இடத்துல, "உங்கள் வண்டி இந்த இடத்தில் இருக்கிறது, இந்த எண்ணுக்குப் பேசுங்கள்"னு ஒரு போர்டு நிரந்தரமா இருக்கணும். நம்பர் பிளேட்டை வச்சு வண்டிக்காரர் போன் நம்பரை எடுக்க முடியுது, அபராதச் சலான் அந்த நிமிசமே செல்லுக்கு வருது. அதே செய்தியில வண்டி நிக்கிற இடத்தையும் சேர்த்து அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் காலத்துத் தமுக்குக்குப் பதில் இது.

வண்டி வைக்கிற இடத்து வாசல்ல கட்டணப் பட்டியல் தொங்கணும். அபராதம் எவ்வளவு, இழுத்த கூலி எவ்வளவுன்னு. வாங்குற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. தூக்குறதுக்கு முன்னால நாலு பக்கமும் படம், அதுல ஒரு பிரதி வண்டிக்காரருக்கு. பம்பர் சண்டையே வராது.

தூக்குறதுக்கு ஆள் இருக்கிற நேரம் வரைக்கும் கொடுக்கிறதுக்கும் ஆள் இருக்கணும். கிரேன் ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஓடினா கவுண்டரும் எட்டு மணிக்கு மேல திறந்திருக்கணும். தப்பாத் தூக்கிட்டாங்கன்னு நினைக்கிறவர் பணத்தை டெபாசிட்டாக் கட்டிட்டு வண்டியை எடுத்துட்டுப் போய் வழக்காட வழி வேணும், 1871-ல மாட்டுக்கு இருந்த மாதிரி.

கடைசியா, நிறுத்தாதேன்னு சொல்றவங்க எங்க நிறுத்தணும்னும் சொல்லணும். ராஜபாளையம் கடைவீதிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கும் வர்ற கிராமத்து ஜனம் வண்டியைத் தலையிலயா வச்சுக்கும்? வாகன நிறுத்தம் இந்தப் பக்கம்னு அம்புக்குறி போட்ட போர்டு மெயின் ரோட்டுலயே இருந்தா பாதிப் பேர் தப்பே செய்ய மாட்டாங்க.

அது வர்ற வரைக்கும் நாம செய்ய வேண்டியதைச் சொல்லிடுறேன்.

வண்டியைக் காணோம்னா திருட்டுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னால 100-க்கோ 112-க்கோ போன் போட்டு, டிராபிக்ல தூக்கினாங்களான்னு கேளுங்க. பக்கத்துக் கடைக்காரருக்கு வண்டி எங்க போகும்னு தெரிஞ்சிருக்கும். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூணையும் டிஜிலாக்கர்லயோ எம்பரிவாகன்லயோ ஏத்தி வச்சுக்கோங்க. 2018-ல இருந்தே அதைக் காட்டினா செல்லும். வீட்டுக்கு ஓடிப்போய் அசலை எடுத்துட்டு வர வேண்டியதில்லை. வண்டியை வெளிய எடுக்கிறதுக்கு முன்னால சுத்திவர போன்ல வீடியோ எடுங்க. ரசீது கேளுங்க. சத்தம் போடாம, மறக்காமக் கேளுங்க.

இன்சூரன்ஸை ஒரு நாள் கூட விட்டுறாதீங்க. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்துல மாட்டி, அடிபட்டவருக்குக் காயமோ உயிர்ச்சேதமோ ஆயிட்டா, நஷ்டஈட்டுக்கு ஈடு காட்டாம வண்டி வெளிய வராது. மூணு மாசத்துல கோர்ட்டே ஏலம் விட்டுரலாம்னு 2018-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

கேஸ்ல மாட்டின வண்டின்னா ஸ்டேஷன்லயே நடையா நடக்காதீங்க. பொருளைத் திரும்பக் கேட்டு அந்த ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுல மனுப் போடணும். நம்ம மாவட்டத்துக்கு விருதுநகர்ல கலெக்டர் ஆபீஸ் இருந்தாலும் மாவட்ட கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்லதான். அங்கேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கு. பொம்பளைகளுக்கும், பட்டியல் இனத்தவங்களுக்கும், வருமானம் குறைஞ்சவங்களுக்கும் வக்கீல் இலவசம். 15100-ன்னு ஒரு நம்பர் இருக்கு, போன் போட்டுக் கேக்கலாம். காய்கறித் தம்பி இதை முதல் வாரத்துலயே தெரிஞ்சிருந்தா ரெண்டு டயராவது மிஞ்சியிருக்கும்.

அடுத்த ஆடிப்பூரத்துக்கு முன்னால, வண்டி நிறுத்துற இடத்துக்குப் போர்டும், தூக்கின வண்டி நிக்கிற இடத்துக்குப் போன் நம்பரும் வைக்கச் சொல்லி ரெண்டு நகராட்சிக்கும் ஒரு மனு எழுதியிருக்கேன். திங்கக்கிழமை மனுநீதி நாள்ல கலெக்டர்கிட்டயும் ஒரு பிரதி கொடுக்கலாம்னு இருக்கோம். டீக்கடையில ரெண்டு கட்சிக்காரங்களும் கையெழுத்துப் போட்டுட்டாங்க, ரிட்டயர்டு அண்ணாச்சியும் சேர்த்து. பக்கத்து ஊர்க்காரங்க யாராவது கையெழுத்துப் போடணும்னா ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. மனு டீக்கடையிலதான் இருக்கும்.